களியக்காவிளை எல்லையில் விழுந்த நிலவின் நிழல்

புது தில்லி: தலைநகரில் 1955-ஆம் ஆண்டு இரண்டு அறிக்கைகள் தயாராயின. மாநிலங்களின் எல்லைகளை மாற்றி வரையப் பரிந்துரைத்தது பசல் அலி ஆணையத்தின் அறிக்கை. நாட்டில் புழங்கும் பஞ்சாங்கங்களைச் சீர்திருத்தப் பரிந்துரைத்தது, மக்களவை உறுப்பினராகவும் இருந்த இயற்பியல் அறிஞர் மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் அறிக்கை.

முதல் அறிக்கையின் விளைவை இன்றும் களியக்காவிளையில் காணலாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தங்கிவிட்டது. சாலையின் ஒருபுறம் களியக்காவிளை, சற்றுத் தொலைவில் பாறசாலை. மக்களவைத் தொகுதிகளும் வேறு: அங்கே கன்னியாகுமரி, இங்கே திருவனந்தபுரம்.

இந்த எல்லையை 2010 ஜனவரி 15-ஆம் தேதி பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் நிலவின் நிழல் எந்த ஆணையத்தையும் கேளாமல் கடந்தது. தமிழகத்தில் அன்று மாட்டுப் பொங்கல், தை அமாவாசையும்கூட. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, கன்னியாகுமரி என எங்கும் சூரியன் ஓர் ஒளி வளையமாக நின்றது. தமிழில் கங்கண கிரகணம்; எல்லைக்கு அப்பால் வலய கிரகணம்.

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே நிலவு வருவதே சூரிய கிரகணம். அப்படியானால் அமாவாசைதோறும் ஏன் நிகழ்வதில்லை? நிலவின் பாதை, பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ விலகிவிடும். இரு தளங்களும் வெட்டும் புள்ளிகளின் அருகே அமாவாசை நேர்ந்தால்தான் கிரகணம். அப்புள்ளிகளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களே ராகுவும் கேதுவும். பாம்பு விழுங்குகிறது என்ற கதை மக்களிடம் புழங்க, கணிதம் அறிந்தவர்கள் அப்புள்ளிகளைக் கொண்டு நாளும் நாழிகையும் குறித்தார்கள்.

சூரியனின் விட்டம் நிலவைப் போல் சுமார் 400 மடங்கு. தொலைவும் சுமார் 400 மடங்கு. ஆகவே வானில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிகின்றன. ஆனால் ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும். அந்த ஆண்டு அதே நாள்களில் நிலவோ தன் பாதையின் தொலைமுனையை நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிதாகத் தெரிந்த சூரியனைச் சிறிதாகத் தெரிந்த நிலவால் முழுவதும் மூட இயலவில்லை. ஆறில் ஒரு பங்கு ஒளி எஞ்சியது. நடுப்பகல் இருளும் என்று காத்திருந்தவர்களுக்கு மங்கிய வெயிலே கிடைத்தது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில், நண்பகலை ஒட்டி, பூமியின் சுழற்சியும் நிழல் ஓடும் திசையிலேயே அமைந்ததால் நிழல் மெதுவாகவே கடந்தது. தனுஷ்கோடியில் வளையம் பத்து நிமிடத்துக்கும் மேல் நீடித்தது. இந்தியப் பெருங்கடலில் 11 நிமிடம் 8 விநாடி. அதை விஞ்சும் வளையம் 3043-ஆம் ஆண்டில்தான் வரும். நெய்யாற்றின்கரைக்கு வடமேற்கே உள்ள தும்பாவிலிருந்து இஸ்ரோ அப்போது ஆய்வு ராக்கெட்டுகளை ஏவி மேல் வளிமண்டல மாறுதல்களை அளந்தது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் 51-ஏ பிரிவைச் சேர்த்தது நாடாளுமன்றம். அதற்கு நான்கே ஆண்டுகளில், 1980 பிப்ரவரி 16-ஆம் தேதி முழு கிரகணத்தின்போது, மக்களை வீட்டுக்குள் இருத்தத் தூர்தர்ஷன் திரைப்படம் ஒளிபரப்பியது! 1995-இல் அதே தூர்தர்ஷன் கிரகணத்தை நேரலையாகக் காட்டியது.

அச்சம் முழுவதும் வீண் என்றும் சொல்வதற்கில்லை. வெறும் கண்ணால் பார்த்தால் விழித்திரை கருகும். அங்கே வலி உணரும் நரம்பு இல்லாததால் கருகுவது உடனே தெரியாது. எக்ஸ்ரே படலமும் புகை படிந்த கண்ணாடியும் உதவா. முறையான கிரகணக் கண்ணாடி வேண்டும். இல்லையேல் அட்டையில் ஊசித் துளையிட்டு, சூரிய பிம்பத்தைத் தரையில் விழச் செய்து காணலாம். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பட்டினி போட்டுப் பூட்டிவைக்க எந்தக் காரணமும் இல்லை.

அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21-ஆம் தேதி கேரளத்தின் நடுப்பகுதி, மதுரை வழியே செல்கிறது. எல்லைக் கிராமங்களிலும் சூரியன் பெருமளவு மறையும். அது பள்ளி விடுமுறைக் காலம். ஆசிரியர்கள் மைதானத்தில் கூட்டிவைத்துக் காட்ட முடியாது. கண்ணாடியை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் வேலை ஊராட்சிகளுடையது.