பொன்வயல் தூசியும் நெஞ்சின் தழும்பும்

கோலார் தங்கவயலைப் பொன் விளையும் பூமி என்று போற்றினர். வட ஆற்காடு முதலிய பகுதிகளினின்றும் நம்மவர் ஆயிரக்கணக்கில் அங்குக் குடியேறி, பூமிக்கடியில் உழைத்தனர். 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் வேறெங்கோ போயிற்று. தூசி மட்டும் உழைத்தவர் நெஞ்சிலே தங்கிற்று.

அங்கே பொன், படிகக்கற் பாறையோடு கலந்து கிடந்தது. அப்பாறையைத் துளைக்குங்கால் கண்ணுக்குப் புலனாகாத சிலிக்காத் துகள்கள் எழும். அவை நுரையீரலின் அடியாழத்திற் சென்று தங்கி, அவ்விடத்தைப் புண்ணாக்கித் தழும்பேற்றும். தழும்பேறிய பாகம் விரிந்து சுருங்காது. ஆதலின் மூச்சுத் திணறும். இதுவே சிலிகோசிஸ் என்னும் நோய். மைசூர் அரசாங்கத்தார் 1940லேயே இதற்கென விதிகள் வகுத்தனர். 1947இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, தங்கவயலில் சோதிக்கப்பெற்ற தொழிலாளருள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்நோய் கண்டிருந்தது.

இந்நோய் ஓசையின்றி வருவது. வேலையை விட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னரும் தலைகாட்டும். எக்ஸ்ரே படத்தில் தெரியும்போது தழும்பு முற்றியிருக்கும். அதனை அழிக்கும் மருந்து இன்றளவும் இல்லை. இருமலும் இளைப்பும் காசநோயை ஒத்திருத்தலின், காசநோய் என்றே கருதப்படுவதும் உண்டு. சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதிற் பற்றுமாதலின், இரண்டும் சேர்ந்திருத்தலும் கூடும்.

ஆகவே, படத்தில் தெரியுமுன் இரத்தத்தில் நோயின் குறியைக் காண இயலுமா என்று அறிஞர் ஆராயலாயினர். நுரையீரலின் நுண்குழாய்களிலுள்ள அணுக்கள் சி.சி.16 என்னும் சிறு புரதத்தைச் சுரக்கின்றன. சிலிக்கா அவ்வணுக்களைச் சிதைத்தால், இரத்தத்தில் அப்புரதம் குறையும். இதனை அளந்து, நோய்க்கு ஆளாகக் கூடியோரை முன்னரே பிரித்தறியும் முறையை ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் உருவாக்கியுள்ளனர். கே.எல்.6 என்னும் மற்றொரு பொருளோ, நுரையீரல் தழும்பேறும் நோய்களில் இரத்தத்தில் மிகும். ஜப்பானிய மருத்துவர் இதனை நெடுநாளாகக் கையாள்கின்றனர். ஒரே முறை அளப்பதைவிட, இடைவிட்டுப் பன்முறை அளந்து ஏற்றத்தாழ்வைக் காண்பதே நோயின் போக்கை உணர்த்தும்.

எனினும், குறி வேறு, தீர்ப்பு வேறு. புகைபிடிப்போருக்கும் சி.சி.16 குறையும். ஆதலின், இரத்தச் சோதனை ஐயத்தை எழுப்பும். எக்ஸ்ரேயும் தொழில் வரலாறுமே அதனை உறுதிசெய்யும்.

சுரங்கம் மூடிய பின்னர், தங்கவயல் மக்கள் மாரிக்குப்பம் வண்டிகளில் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு வருவதை இரயில்வே ஊழியராகிய நாம் காண்கிறோம். இந்நகரில் கருங்கல் அறுப்போரும், கட்டட வேலை செய்வோரும், தரைக்கல் தேய்ப்போரும் அதே தூசியையே சுவாசிக்கின்றனர். வாயிற் கட்டும் துணி அந்நுண்துகளைத் தடுக்காது. நீர் விட்டு அறுத்தலே தூசியை அடக்கும்.

நம் இல்லங்களில் இத்தகைய தொழில் செய்தோர் இருப்பின், மருத்துவரிடம் இருமலை மட்டும் கூறாமல், எத்தனை ஆண்டு எத்தொழில் செய்தனர் என்பதையும் கூறுவோமாக. பழைய எக்ஸ்ரே படங்களையும் வேலைச் சான்றுகளையும் பத்திரமாகப் பேணுவோமாக. தழும்பு மாறாது; ஆனால், காலத்தே அறிந்து தூசியினின்று விலகினால், எஞ்சிய மூச்சைக் காக்க வழியுண்டு.