சர்வர் கேட்டட் கிரிப்டோகிராபி

சர்வர் கேட்டட் கிரிப்டோகிராபி (சுருக்கமாக எஸ்ஜிசி) என்பது, வழங்கியின் சான்றிதழைக் கண்டு வலை உலாவி தன் மறையீட்டு வலிமையை உயர்த்திக்கொள்ள வழிசெய்த முறையாகும். ஐக்கிய அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட உலாவிகளுக்காக 1990களின் பிற்பகுதியில் இது உருவாக்கப்பட்டது. தற்போது வழக்கொழிந்துவிட்டது.

பின்னணி

அக்காலத்தில் வலிமையான மறையீட்டு மென்பொருட்களைத் தடையின்றி ஏற்றுமதி செய்ய ஐக்கிய அமெரிக்க அரசு இசையவில்லை. எனவே நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆகிய உலாவிகள் இரு வகையாக வெளியாயின. உள்நாட்டுப் பதிப்பு 128 பிட் திறவியையும், ஏற்றுமதிப் பதிப்பு 40 பிட் திறவியையும் பயன்படுத்தின. 40 பிட் திறவிக்கு ஏறத்தாழ 1.1 இலட்சம் கோடி வாய்ப்புகளே உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம். 1995இல் பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் பல கணினிகளைக் கொண்டு இத்தகைய மறையீடு ஒன்றைச் சுமார் 8 நாட்களில் உடைத்துக் காட்டினார். இணையவழி வங்கிச் சேவைக்கு இவ்வலிமை போதாமையால், நிதி நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

செயற்படும் முறை

# ஏற்றுமதிப் பதிப்பு உலாவி, வலிமை குறைந்த மறையீட்டு முறைகளை மட்டும் முன்வைத்து வழங்கியைத் தொடர்புகொள்ளும்.
# வழங்கி தன் சான்றிதழை அனுப்பும். அதில் எஸ்ஜிசிக்குரிய சிறப்புக் குறிப்பு இருக்கும்.
# அச்சான்றிதழ் இதற்கென ஏற்கப்பட்ட சான்றளிப்பு நிறுவனம் வழங்கியதா என உலாவி சரிபார்க்கும்.
# சரியெனில், 128 பிட் முறையையும் முன்வைத்துப் புதிதாக உடன்பாடு செய்துகொள்ளும்.

வலிமையான மறையீட்டுக்கான நிரல் உலாவியினுள் முன்னரே இருந்தது. சான்றிதழ் அதனைத் திறந்துவிடும் அனுமதியாக மட்டுமே அமைந்தது. வழங்கியும் 128 பிட் முறையை ஏற்றாலன்றிப் பயனில்லை.

விமர்சனங்கள்

2000 சனவரியில் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்த்தப்பட்டன. அதன் பின்னரும் சில நிறுவனங்கள் எஸ்ஜிசி சான்றிதழ்களைக் கூடுதல் விலைக்கு விற்றுவந்தன. பழைய உலாவிகளில் வேறு பல பாதுகாப்புக் குறைகள் உள்ளதால், அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த இது ஊக்குவிக்கிறது என விமர்சிக்கப்பட்டது. 2015இல் அறியப்பட்ட ஃபிரீக் என்னும் தாக்குதல், வழங்கிகளில் நீக்கப்படாமல் எஞ்சியிருந்த ஏற்றுமதித் தர மறையீட்டைப் பயன்படுத்திக்கொண்டது.

தற்போதைய நிலை

இக்கால உலாவிகளில் தரவை மறைக்கும் முறையை உலாவியும் வழங்கியும் தமக்குள் முடிவு செய்கின்றன. சான்றிதழ் வழங்கியின் அடையாளத்தையே உறுதிப்படுத்துகிறது. சான்றிதழிலுள்ள ஆர்எஸ்ஏ திறவியின் 2048 பிட் நீளமும், தரவை மறைக்கும் 128 அல்லது 256 பிட் திறவியும் வெவ்வேறானவை. ஆகவே விலை உயர்ந்த சான்றிதழால் மறையீடு வலிமை பெறுவதில்லை.