ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு: தகவல் யார் கைக்குப் போக வேண்டும்?

ஸ்காட்லாந்தை ஒட்டிய வடகடலில் நின்றிருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை 1988 ஜூலை 6 இரவு வெடித்து எரிந்தது; 167 பேர் மாண்டார்கள். மேடையில் அன்று இருந்த 226 பேரில் பெரும்பாலோர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். விபத்து நேர்ந்த விதத்தைக் கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை 1990இல் விளக்கியது. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காக ஒப்பந்த ஊழியர்கள் பகலில் கழற்றியிருந்தார்கள். வேலை முடியாததால், வால்வு இருந்த இடத்தைத் தகடு வைத்து மூடிவிட்டுப் போனார்கள். அதே பம்பில் செய்யவேண்டிய வேறொரு பராமரிப்பு வேலைக்குத் தனியாக ஓர் அனுமதிச் சீட்டு இருந்தது. இரவு ஷிப்டில் இன்னொரு பம்பு நின்றுபோனபோது, அங்கிருந்தவர்கள் கண்ணில் பட்டது இந்தப் பராமரிப்புச் சீட்டு மட்டும்தான். அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை, ஆகவே பம்பை ஓட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். வால்வு கழற்றப்பட்டதைச் சொன்ன சீட்டு வேறோர் இடத்தில் இருந்தது. உயிர்களைக் காத்திருக்கக்கூடிய தகவல் முறைப்படி எழுதப்பட்டிருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்டவர் கைக்கு அது போகவில்லை.

ஒப்பந்த வேலையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆலை நிர்வாகம் ஒரு பெரிய ஒப்பந்த நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்கிறது. அது துணை ஒப்பந்தக்காரரிடம் பிரித்துத் தருகிறது. அவர் ஒரு மேஸ்திரியிடம் ஆள் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்து இருப்பவரை மட்டுமே தெரியும். உயரத்தில் ஏறுபவருக்குப் பயிற்சி உண்டா, நேற்று இரவும் அவர் வேலை செய்தாரா, அவரை அனுப்பியவரின் முந்தைய தளத்தில் யாராவது இறந்தார்களா என்பவை மேலே இருப்பவருக்கு எட்டுவதில்லை. கொதிகலன் எந்த நிலையில் இருக்கிறது, பக்கத்தில் வேறு யார் வெல்டிங் செய்கிறார்கள் என்பவை கீழே இருப்பவருக்கு எட்டுவதில்லை. மின்னணு அனுமதிச் சீட்டு, பயிற்சிச் சான்றைச் சரிபார்த்த பின்பே திறக்கும் நுழைவாயில், ஆபத்தைப் படம் எடுத்து அனுப்பும் செல்போன் செயலி ஆகியவை இந்த இடைவெளியை நிரப்பவே வந்திருக்கின்றன. ஒரே குழாயில் இரண்டு குழுக்கள் வேலை கேட்டால், மின்னணு முறையில் இரண்டு சீட்டுகளும் ஒரே திரையில் வந்து நிற்கும். ஒன்றை முடிக்காமல் மற்றொன்றைத் தொடங்க முடியாதபடி பூட்டவும் முடியும்.

ஆனால், கருவி வாங்கினாலே பாதுகாப்பு வந்துவிடாது. கருவி சேர்க்கும் தகவல் யாருக்குத் தெரிகிறது, தெரிந்த பிறகு யாருக்கு என்ன இழப்பு வருகிறது என்ற இரண்டையும் பொறுத்தே பலன் அமையும். தமிழ்நாட்டிலிருந்தும் பெருமளவில் தொழிலாளர்கள் சென்று வேலை செய்யும் சிங்கப்பூர் இதற்கு நல்ல சான்று. அங்கு பாதுகாப்புச் சட்டத்தை மீறும் கட்டுமான நிறுவனத்துக்குக் குறைப்புள்ளிகள் விழுகின்றன. 18 மாதங்களுக்குள் 25 புள்ளிகள் சேர்ந்தால், வெளிநாட்டுத் தொழிலாளர்களை வேலைக்கு எடுப்பதில் தடை வரும். 2024 ஏப்ரல் முதல், அத்தகைய நிறுவனம் அரசுக் கட்டுமான டெண்டர்களிலும் தற்காலிகமாகத் தகுதி இழக்கிறது. ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு வரலாற்றைச் செக்சேஃப் என்ற அரசு இணையச் சேவையில் யாரும் பார்க்கலாம். 50 லட்சம் சிங்கப்பூர் டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில், ஆபத்து மிகுந்த வேலை நடக்கும் இடங்களுக்குக் கேமரா 2024 ஜூனில் கட்டாயமானது. வேலை கொடுப்பவர் கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தக்காரரின் கடந்த காலம் அவர் முன் வந்து நிற்கிறது; அலட்சியத்துக்கு விலை உண்டு என்பது ஒப்பந்தக்காரருக்கும் தெரிகிறது.

இந்தியாவில் நாம் எதைக் கணினியில் ஏற்றியிருக்கிறோம் என்று பார்த்தால் குறை புரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளம் அமைப்புசாராத் தொழிலாளிக்கு 12 இலக்க எண் கொடுத்து அவரைப் பதிவு செய்கிறது. அந்தத் தொழிலாளியை ஆபத்தான இடத்துக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரரின் விபத்து வரலாற்றை யாரும் பார்க்கக்கூடிய பொதுத்தளம் ஒன்றும் நம்மிடம் இல்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரையோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கே உரிமம் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 50 ஆக உயர்த்திவிட்டது. முப்பது பேரை வைத்து வேலை செய்யும் துணை ஒப்பந்தக்காரர் உரிமப் பதிவேட்டிலிருந்தே நழுவிவிடுகிறார். அதிக ஆபத்துள்ள வேலைகள் பெரும்பாலும் இவரைப் போன்றவர்களிடமே வந்து சேர்கின்றன. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 ஜூலை 1 அன்று கொதிகலன் பகுதி வெடித்தபோதும், எண்ணூரில் கட்டப்பட்டுவந்த அனல்மின் நிலையத்தில் 2025 செப்டம்பர் 30 அன்று சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தபோதும், பலியானோரில் ஒப்பந்தத் தொழிலாளரும் புலம்பெயர்ந்தோருமே மிகுதி.

கேமராவும் செயலியும் கொண்ட இத்தகைய ஏற்பாடு தொழிலாளியைக் கண்காணிப்பதில்தான் முடியும் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஹெல்மெட் போடாதவரின் முகத்தைக் கேமரா பிடிக்கும். கயிறு கட்டும் கொக்கியே பொருத்தாத மேலாளர் அதில் விழமாட்டார். அதனால், பார்வை எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை விதியாகவே எழுத வேண்டும். தளத்தின் குறைகளை நிர்வாகத்தின் கணக்கில் ஏற்ற வேண்டும். ஒரு பதிவைக் காட்டித் தொழிலாளியின் கூலியைப் பிடிக்கக் கூடாது. தன் அனுமதிச் சீட்டைத் தமிழிலோ இந்தியிலோ அசாமியிலோ படித்துப் பார்க்கவும், ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தச் சொல்லவும் அவருக்கு வழி இருக்க வேண்டும்.

விபத்து எண்ணிக்கையை டெண்டரோடு கட்டிப்போட்டால் விபத்துகளையே மறைப்பார்கள் என்பது இதைவிட வலுவான மறுப்பு. அது நடக்கவே செய்யும். அதனால் ஒப்பந்தக்காரரின் வாக்குமூலத்தை மட்டும் நம்பும் முறை பயன்படாது. காயம் பட்டவர் ஏதாவது ஒரு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். இஎஸ்ஐ பதிவும் இழப்பீட்டுக் கோரிக்கையும் தனித்தனியாக உருவாகின்றன. அவற்றைத் தளத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மறைப்பு வெளிப்படும். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத் தானாக முன்வந்து சொல்பவருக்குத் தண்டனை கூடாது. மறைத்துப் பிடிபட்டவருக்குக் கடும் தண்டனை வேண்டும்.

சிறு ஒப்பந்தக்காரருக்கு இதற்கெல்லாம் வசதி ஏது என்றும் கேட்கலாம். அந்தச் செலவு வேலை கொடுக்கும் பெரிய நிறுவனத்தைச் சேர்ந்தது. டெண்டரில் சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் இருப்பதுபோல் பாதுகாப்புக்கும் தனித் தொகை ஒதுக்கிவிட்டால், விலையைக் குறைக்கும் போட்டியில் அது முதலில் வெட்டுப்படாது. தொழில்நுட்பத்தின் எல்லையையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூரில் 2023இல் 36 ஆகக் குறைந்த பணியிட மரணங்கள் 2024இல் 43 ஆக ஏறின. பதிவைப் பார்த்துத் தளத்துக்குப் போகும் ஆய்வாளரும், வேலையை நிறுத்தும் துணிவுள்ள மேற்பார்வையாளரும் இல்லாமல் திரைக்கு வலிமை கிடையாது.

ஆகவே, அரசு தன் கையில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். பொதுப்பணித் துறையும் மின்வாரியமும் பொதுத்துறை ஆலைகளும் விடும் டெண்டர்களில், கடைசித் துணை ஒப்பந்தக்காரர் வரை பெயரும் விபத்து வரலாறும் பொதுத்தளத்தில் வரவேண்டும் என்று நிபந்தனை விதிக்கப் புதிய சட்டம் தேவையில்லை. அங்கே வேலையைக் கொடுப்பது அரசே. யாரிடம் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளும் கடமையும் அரசுடையதே. அது நிறைவேறினால், "அவர் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டரின் ஆள்" என்று ஒரு மரணத்துக்குப் பிறகு எந்த நிர்வாகமும் கைகழுவ முடியாது.