சேந்தமங்கலம் வந்த தத்துவ போதகர்

கொல்லிமலைக்கு மேற்கே, நாமக்கல்லுக்கு அணித்தே அமைந்தது சேந்தமங்கலம். 1623ஆம் ஆண்டில் காவியுடை தரித்த துறவி ஒருவர் அவ்வூரை அடைந்தார். அவர் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலி, இத்தாலி நாட்டினர், இயேசு சபைக் குரு.

1606இல் மதுரைக்கு வந்த அவர், கிறித்துவத்தைப் பரங்கியர் சமயம் என்று மக்கள் ஒதுக்குதலைக் கண்டார். சமயம் மாறுவோர் நடையுடையும் மாற்றுதல் வேண்டுமோ? வேண்டா என்பதே அவர் துணிபு. ஆதலின் புலால் துறந்தார். தமிழும் வடமொழியும் கற்றார். பூணூலும் குடுமியும் சந்தனமும் குலத்தின் அடையாளங்களேயன்றி வழிபாட்டின் கூறுகள் அல்ல என வாதிட்டார். உடனுழைத்த குருவே முதலில் எதிர்த்தார். வழக்குக் கோவாவுக்குச் சென்று, உரோமையையும் எட்டியது. 1623 சனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் சில கட்டுப்பாடுகளுடன் அவற்றை அனுமதித்தார். உயர்குலத்தார் எளியோரை இகழலாகாது எனவும் அறிவுறுத்தினார். அவ்வறிவுரை ஏட்டளவில் நின்றது என்றே கூறல் வேண்டும். எளியோர்க்கெனப் பண்டாரசாமிகள் என்னும் வேறு குருமாரே பின்னர் ஏற்பட்டனர்.

ஆள்வோர் ஆதரவின்றி அந்நாளில் புதுச்சமயத்தார் ஓரூரில் காலூன்றுதல் அரிது. சேந்தமங்கலத்துத் தலைவர் இராமச்சந்திர நாயக்கர் நொபிலியை மதிப்புடன் வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலம் சென்றார். சேலத்து ஆட்சியாளரின் தமையனார், அரசுரிமை இழந்திருந்தவர், சில ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றார்.

நொபிலி 1656இல் மயிலாப்பூரில் மறைந்தார். வழக்கோ ஓயவில்லை. அவர் வழிவந்தோரின் வழக்கங்கள் பலவற்றை 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் தடுத்தார். அத்தடைக்குக் கீழ்ப்படிவதாகக் குருமார் உறுதிமொழி கூறவேண்டும் என்னும் கடப்பாடு 1940இல்தான் நீங்கியது.