சாவி முதியவரிடம், துணை பக்கத்தில்

பராமரிப்புடன் கூடிய முதியோர் குடியிருப்பு என்பது சொந்த வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. சிறு வீடோ தனி அறையோ முதியவருக்கென்று இருக்கும், சாவியும் அவரிடம்தான். சமையல், துப்புரவு, வேளைக்கு மருந்து, ராத்திரியில் மணி அடித்தால் ஓடிவர ஓர் ஆள், இவை நிர்வாகத்தின் பொறுப்பு.

யாருக்கு எவ்வளவு துணை தேவை என்று பார்க்க அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே உண்பது என்ற ஆறு காரியங்கள் அதில் உண்டு. ஒன்றிரண்டில் தடுமாறுகிறவருக்கு இந்தக் குடியிருப்பு போதும். ஆறுக்கும் பிறர் கை வேண்டுமென்றால் முழுநேரச் செவிலியர் உள்ள இடம்தான் சரி.

2011 கணக்கெடுப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் இந்தியாவில் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6. பிள்ளைகள் வளைகுடாவில், பெற்றோர் பூட்டிய கதவுக்குள் என்பது அங்கே தெருவுக்குத் தெரு உள்ள கதை. இந்தக் கதைக்கு வெகு முன்பே, அங்கே ஆலுவா அருகே சுணங்கம்வேலியில் 1927இல் வர்கீஸ் பய்யப்பிள்ளி என்ற பாதிரியார் ஆதரவற்றோருக்காகக் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கினார். அது தர்மம். இன்றைய குடியிருப்போ முன்பணமும் மாதக் கட்டணமும் கேட்கும் சேவை.

கொச்சியில் இடம் தேடுகிறவர்களின் கண் வைட்டிலா பக்கம் போவது இயல்பு. பேருந்து, 2019 முதல் மெட்ரோ, 2023 முதல் நீர் மெட்ரோ எல்லாம் அங்கே கூடுகின்றன. ஆனால் அது பார்க்க வருகிற மகனுக்கு வசதி. கைத்தடியோடு தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய அப்பாவுக்கு அல்ல.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. ஏழைக்குச் சட்டம், வசதி உள்ளவருக்கு அடுக்ககம், நடுவில் உள்ளவருக்கு? கேரளத்தின் நல்ல பதில், பராமரிப்பை வீட்டுக்கே அனுப்புவது. 2008இல் அரசு வலிதணிப்புச் சிகிச்சைக் கொள்கையை அறிவித்தபின், உள்ளாட்சிகளின் செவிலியர் படுக்கையில் இருப்பவரை வீடு தேடிச் சென்று பார்க்கிறார்கள். நகரங்களில் ‘வயோமித்ரம்’ திட்டத்தின் நடமாடும் மருத்துவமனை 65 வயது கடந்தவர்களுக்கு மருந்தை இலவசமாகத் தருகிறது.

குடியிருப்பே முடிவு என்றால், கையெழுத்துக்கு முன் மூன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: இரவில் விழித்திருப்பவர் யார், வெளியேறினாலோ இறந்தாலோ முன்பணம் என்னாகும், நினைவு தப்பினால் தொடர்ந்து வைத்துக்கொள்வார்களா.