தடம் போடும் முன் புல எண்ணைப் பாருங்கள்

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் மூன்று வருடக் குத்தகை. கொடுத்தவர் கொல்லிமலை விவசாயி, எடுத்தவர் கீழ்நாட்டுக்காரர். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஜீப்பும் நாலுசக்கர பைக்கும் ஓடத் தடம் போடுவார்களாம், பிறகு அது ஊருக்கே பொதுவான 'சாகசப் பூங்கா' ஆகிவிடுமாம். தாளில் புல எண் இல்லை, நான்கெல்லையும் இல்லை. "கிழக்கே ஓடை வரைக்கும்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. ஓடை வரைக்குமா, ஓடையையும் சேர்த்தா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்னாருங்க" என்றார் விவசாயி.

இந்த மாதிரித் தாள்களை மலைப்பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்களுக்கு ஆகாய கங்கையும் அறப்பளீஸ்வரர் கோயிலும் மட்டும் போதவில்லை, சேற்றில் வண்டி ஓட்டவும் இடம் வேண்டியிருக்கிறது. அதில் தப்பில்லை. இடம் யாருடையது, அனுமதி யார் தரவேண்டும், விழுந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் கேட்காமல் பொக்லைனை வரவழைப்பதுதான் தப்பு.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2022 மே மாதம் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில், தேயிலைத் தோட்டத்துக்குள் அனுமதியில்லாமல் ஜீப் ஓட்டப் போட்டி நடந்தது. கலந்துகொண்ட சினிமா நடிகர் உட்படப் பலர்மீது வழக்கு வந்தது. 2025 ஜூலையில் மாவட்ட ஆட்சியரே ஜீப் சவாரிகளுக்குத் தடை போட வேண்டியதாயிற்று. தடங்கள் தாமாக முளைக்கும்வரை அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கும் அதேதான் நடக்கிறது. அமெரிக்காவில் 1972-லேயே, பொது நிலத்தில் எந்தத் தடத்தில் வண்டி போகலாம், எதில் கூடாது என்று வரையறுக்கச் சொல்லி அதிபர் உத்தரவே போட்டார்கள். மண், காட்டுயிர், மற்றவர்களின் அமைதி இவற்றுக்குச் சேதம் குறைவான இடமாகப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

முதல் வேலை புல எண். தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் மாவட்டம் நாமக்கல், வட்டம் கொல்லிமலை, பிறகு கிராமம், புல எண், உட்பிரிவு என்று கொடுத்தால் பட்டா விவரமும் அ-பதிவேடும் புலப்படமும் கிடைக்கும். பட்டாவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், எல்லோரும் செய்யும் பிழை அது. பட்டா உங்கள் நிலத்தைச் சொல்லும். அதை ஒட்டி இருப்பது ஓடைப் புறம்போக்கா, மேய்ச்சல் நிலமா, வண்டிப்பாதையா, காப்புக்காடா என்பது அ-பதிவேட்டில்தான் தெரியும். நாலு கிலோமீட்டர் தடம் என்றால் அது தாண்டும் ஒவ்வொரு புல எண்ணையும் எழுதுங்கள். செம்மேடு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டி நில அளவரை வைத்து அளந்துகொள்ளுங்கள். வாய்வார்த்தையாக "அந்தப் பாறை வரைக்கும் நம்ம இடம்" என்பது மலையில் செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது.

நிபந்தனைப் பட்டா என்றால் நிபந்தனையைப் படியுங்கள். வன உரிமைச் சட்டம் 2006-ன் கீழ் கிடைத்த உரிமைப் பத்திரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளைகளுக்குப் போகும், பிறருக்கு மாற்ற முடியாது என்று அந்தச் சட்டத்தின் 4(4) பிரிவு சொல்கிறது. அதை வைத்து யாரும் குத்தகை எழுதினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. சாதாரணப் பட்டா நிலமாகவே இருந்தாலும் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாத மூன்று வருடத் தாளை வைத்துக் குத்தகை நிபந்தனையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. பணம் வராவிட்டால் அழுவது நீங்கள்தான். இருபது ரூபாய்த் தாள் குத்தகைப் பத்திரம் ஆகாது. மறுபடியும் சொல்கிறேன், ஆகாது.

இனி காட்டு நிலம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தடம் வெட்டுவதும் 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காட்டை வேறு பயனுக்கு மாற்ற 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு, வனத்துறையின் பணித்திட்டத்தில் இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகளுக்கு இதில் விலக்கு உண்டு. பலகையில் 'ஈகோ' என்று எழுதிவிட்டால் விலக்கு வந்துவிடாது, பணித்திட்டத்தில் அது இருக்க வேண்டும். நாமக்கல் மாவட்ட வன அலுவலரிடம் அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். 'மேலிடத்தில் பேசியாகிவிட்டது' என்று யார் சொன்னாலும் நகலைக் கேளுங்கள்.

வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைக் காட்டிச் சிலர் குழப்புவார்கள். பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், சாலை என்று பதின்மூன்று வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு எழுபத்தைந்து மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராமசபைப் பரிந்துரையோடு காட்டு நிலம் தரலாம் என்கிறது அது. அந்தப் பட்டியலில் பூங்கா இல்லை. வண்டிப் பந்தயத் தடமும் இல்லை. 'சாலை' என்ற சொல்லுக்குள் அதைப் புகுத்தப் பார்த்தால் தீர்மானத்திலேயே மறுப்பை எழுதிவிடுங்கள்.

கிராமசபை என்றதும் கை தூக்கிவிட்டு வருவதல்ல. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாமக்கல் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. தலைவர் இல்லை என்று சொல்லிக் கூட்டத்தை ஒப்புக்கு நடத்தினால் ஏற்காதீர்கள். வன உரிமைச் சட்டம் பேசும் கிராமசபைக்குக் குறைந்தது பாதிப் பேர் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டின் நகலும் தீர்மானத்தின் நகலும் அன்றே கேளுங்கள். பிறகு கேட்டால் பதிவேடு பி.டி.ஓ. ஆபீசுக்குப் போய்விட்டது என்பார்கள். போன பதிவேடு எப்போது திரும்பும் என்பது கொல்லிப்பாவைக்கே வெளிச்சம்.

இந்த மலையில் கோயில் காடுகள் ஏராளம். காப்புக்காட்டுக் கணக்கில் வராத துண்டுகளும் அவற்றில் உண்டு. வன உரிமைச் சட்டப்படி சமுதாய உரிமைக்கான 'ஆ' படிவத்திலும் சமுதாய வன வளத்துக்கான 'இ' படிவத்திலும் அந்தக் காடுகளையும் ஊற்றுகளையும் பெயர் சொல்லிக் குறித்து வைக்காத ஊர்கள், தடம் வந்தபிறகு 'இது எங்கள் சாமி காடு' என்று கத்தினால் கேட்க ஆள் இருக்காது. கிராமசபை முடிவில் குறை இருந்தால் அறுபது நாளுக்குள் உட்கோட்டக் குழுவுக்கும், அங்கே தோற்றால் அடுத்த அறுபது நாளுக்குள் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகலாம். உரிமையை முடிவு செய்யாமல் வன நிலத்தில் வாழ்பவரை வெளியேற்ற முடியாது என்கிறது அதே சட்டத்தின் 4(5). பழங்குடியினரின் வன உரிமைக்கு இடையூறு செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஜி)-யின் கீழ் குற்றமாகும். இதைக் காவல் நிலையத்தில் பிரிவு எண்ணோடு சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லாவிட்டால் எழுதமாட்டார்கள்.

வண்டி ஏறுகிறவர்களுக்கும் சில சொல்லவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, மூடிய வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே செய்த சிறப்பு வண்டியை 'மோட்டார் வாகனம்' என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. பூங்காவுக்குள் ஓடும் நாலுசக்கர பைக் பெரும்பாலும் இந்த வகை. நம்பர் பிளேட் இருக்காது, கட்டாய மூன்றாம் நபர் காப்பீடும் இருக்காது. அதில் விழுந்து கால் முறிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் கதவு எளிதில் திறக்காது. ஆகவே டிக்கெட்டை எறியாதீர்கள். சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுக்குள் நாமக்கல் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். டிக்கெட் கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. 'என் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்' என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் நடத்துபவரின் அஜாக்கிரதையை அது முழுதாக மூடிவிடாது.

சாலையில் ஓடும் ஜீப் என்றால் வேறு கதை. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விட்டால் அனுமதியில்லா ஓட்டம், முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம். டயரும் பம்பரும் மாற்றிப் பதிவுக்குப் பொருந்தாமல் ஓட்டினால் அதற்குத் தனி அபராதம். பொது இடத்தில் அரசின் எழுத்துப்பூர்வச் சம்மதமில்லாமல் பந்தயம் ஓடினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ம் பிரிவில் மூன்று மாதம்வரை சிறை. பந்தயம், வேகச் சோதனை என்றால் தனியார் கார் காப்பீடு கை கொடுக்காது என்று பாலிசியிலேயே அச்சிட்டிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு ஸ்டியரிங் கொடுத்து வீடியோ எடுக்கும் அப்பாக்களுக்கு 199ஏ பிரிவு ஒன்று இருக்கிறது: இருபத்தைந்தாயிரம் அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை, ஓராண்டுக்கு வண்டிப் பதிவு ரத்து. எழுபது வளைவிலும் இந்த அப்பாக்களைப் பார்க்கலாம்.

தடம் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது என்றால்? தேதி தெரியும்படி படம் எடுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் "மலையைக் காப்பாற்றுங்கள்" என்று மனு எழுதாதீர்கள், அது கோப்புக்குப் போய்த் தூங்கும். புல எண், வகைப்பாடு, வெட்டிய தேதி, என்ன வேலையை நிறுத்த வேண்டும் என்று நாலே வரி எழுதி ஒப்புகை எண் வாங்குங்கள். காட்டு நிலமானால் நகல் மாவட்ட வன அலுவலருக்கு. ஓடையானால் வட்டாட்சியருக்கு. அவசரமானால் வாழவந்திநாடு காவல் நிலையத்துக்கு. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுமதி ஆணைகளின் நகல் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. உங்கள் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் கேளுங்கள்.

சென்னை சேப்பாக்கத்திலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். தகுந்த காரணம் சொன்னால் இன்னும் அறுபது நாள். 'முதலில் எழுந்த நாள்' என்பதைக் கவனியுங்கள். அதிகாரியின் பதிலுக்காக ஏழு மாதம் காத்திருந்துவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு இருந்தது, ஆறு மாதம்தான் இல்லை.

உண்மையிலேயே பொதுப் பூங்கா திட்டமிடுகிறவர்களுக்கு என் கருத்து ஒன்று. மலைமேல் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் சரிவில் ஓடிய டயர்த்தடம் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும், கீழே சாமையும் மரவள்ளியும் விளைந்த மண் அதோடு போகும். காட்டை ஒட்டாத, பதிவு செய்த குத்தகையில் வரும் அடிவாரப் பட்டா நிலம் பாருங்கள். ஒருவழித் தடம், மழைக்காலப் பூட்டு, முதலுதவி ஆள், சுற்றுலாத் துறையில் சாகசச் சுற்றுலா நடத்துபவராகப் பதிவு, வருபவருக்குக் காப்பீடு. இதெல்லாம் இல்லாவிட்டால் கதவைத் திறக்காதீர்கள்.

அந்த முத்திரைத்தாள்காரரோடு சேர்ந்து அ-பதிவேட்டைப் பார்த்தேன். கிழக்கு எல்லையில் இருப்பது ஓடைப் புறம்போக்கு. அதைக் குத்தகைக்குக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை, எடுக்க வந்தவருக்கும் இல்லை.