கழுத்தின் நடுவில் ஒரு கட்டி

சளி, காய்ச்சல் வந்து போன பிறகு பிள்ளையின் கழுத்தில் உருண்டையாக ஏதாவது தட்டுப்பட்டால், "நெறி கட்டியிருக்கு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் உருண்டை கழுத்தின் நட்டநடுவில், குரல்வளைக்குச் சற்று மேலே இருந்தால் பிள்ளையை நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள். நாக்கு வெளியே வரும்போது கட்டியும் மேலே ஏறினால் அது நெறியாக இருக்க வாய்ப்பில்லை. அதன் தொடக்கம் தாயின் வயிற்றில் இருக்கிறது.

நாக்கிலிருந்து கழுத்துக்கு

நான்கு வாரக் கருவுக்கு முகமும் கிடையாது, கழுத்தும் கிடையாது. தொண்டை வரப்போகும் இடத்தின் இருபுறமும் வளைவு வளைவாகச் சில மேடுகள் எழும். தாடை, காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகள், குரல்வளைக் குருத்தெலும்புகள் எல்லாம் அவற்றிலிருந்து வருபவை. அதே வாரத்தில், நாக்கு உருவாகும் இடத்தில் தைராய்டு தோன்றுகிறது. கழுத்துக்கு உரிய சுரப்பி அங்கே பிறப்பது விந்தைதான். அங்கிருந்து இறங்கி, ஏழாவது வாரத்தில் மூச்சுக்குழாயின் முன்னால் வந்து சேர்கிறது. இறங்கிய வழியில் ஒரு மெல்லிய குழாய் மிஞ்சும். பத்தாவது வாரத்துக்குள் அது மறைந்துவிட வேண்டும்.

சிலருக்கு அதில் ஒரு துண்டு மறையாமல் தங்கிவிடும். அதில் நீர் கோத்துக்கொள்வதுதான் தைரோகுளோசல் நீர்க்கட்டி. வலியில்லாததால் வருடக்கணக்கில் கண்ணில் படாது. சளித்தொற்றின்போது வீங்கித்தான் பலருக்குத் தெரியவருகிறது. சிலருக்கு இருபது வயதுக்கு மேல்கூட.

கீறிவிடுவது தீர்வல்ல

பற்றுப் போட்டால் இது கரையாது. கீறிவிட்டால் ஆறாத துளையாகி நீர் கசிந்துகொண்டே இருக்கலாம். சீழ் பிடித்திருந்தால் முதலில் மருந்தால் தொற்றை அடக்கிவிட்டு, பிறகே அறுவை சிகிச்சை.

கட்டியை மட்டும் எடுத்த காலத்தில் அது திரும்பத் திரும்ப வந்தது. பழைய குழாய், நாக்குக்கு அடியில் லாட வடிவில் இருக்கும் ஹையாய்டு எலும்பை ஒட்டிச் செல்வதே காரணம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வால்டர் சிஸ்ட்ரங்க் 1920இல், அந்த எலும்பின் நடுப்பகுதியையும் நாக்கின் அடிவரை செல்லும் பாதையையும் சேர்த்து எடுக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதுதான் நடைமுறை. எலும்பையா எடுக்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம். பேச்சும் விழுங்குவதும் பாதிக்கப்படுவதில்லை.

முதலில் ஸ்கேன்

அரிதாக, தைராய்டு இறங்கும் வழியிலேயே நின்றுவிடும். அப்போது கட்டியாகத் தெரிவதே பிள்ளையின் ஒரே தைராய்டாக இருக்கக்கூடும். தெரியாமல் அதை எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க தைராக்சின் மாத்திரைதான். வலியில்லாத, செலவு குறைந்த ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், சுரப்பி தன் இடத்தில் இருக்கிறதா என்று காட்டிவிடும்.

ஓரத்தில் இருந்தால்

கழுத்தின் பக்கவாட்டில், கீழ்ப்பகுதியில் ஊசிமுனைத் துளை இருந்து கோழைபோலக் கசிந்தால், அது கருவில் எழுந்த அந்த மேடுகளுக்கு இடையிலான பள்ளம் மூடாததன் மிச்சம். அதன் பாதை உள்ளே டான்சில்வரை போகலாம் என்பதால் அனுபவமுள்ள அறுவை சிகிச்சை நிபுணர் தேவை. காதுக்கு முன்னால் இருக்கும் சிறு குழி, தொற்று வராதவரை, பெரும்பாலும் தொல்லையில்லாதது.

நடுக்கழுத்துக் கட்டிக்கு அறுவை சிகிச்சை என்று யார் சொன்னாலும், "ஸ்கேனில் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா, டாக்டர்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.